காற்றும் தண்ணீரும் ஒரு வேப்பமரமும்

சென்ற தை மாதம் என் தம்பி பிள்ளையின் புது ஃப்ளாட் கிரஹப்ரவேசத்திற்காகப் புனே சென்றிருந்தேன். ஹோமம் முடிந்து, பால் காய்ச்சி, பந்தியில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பின் நிதானமாக வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். வாசல் நிலையில் மாவிலைத் தோரணம். அதற்குச் சற்று உள்ளே, வாயில் காசைக் கவ்விக்கொண்டிருக்கும் மூன்று கால் தவளை. ஷோகேஸில் தொந்தி பெருத்த சிரிக்கும் புத்தர். கண்ணாடி ஜாடியில் சிவப்பு ரிப்பன் கட்டிய 'லக்கி பாம்பூ'. பால்கனியில் காற்றுக்குக் கிணுகிணுக்கும் உலோகக் குழாய்கள். எல்லாம் ஆபீஸ் நண்பர்கள் கொடுத்த அன்பளிப்பாம்.

"பெரியப்பா, நீங்க ஃபிஸிக்ஸ் படிச்சவர். எதையும் சட்டுனு நம்ப மாட்டேள். இந்த ஃபெங் ஷுயில நிஜமாவே ஏதாவது இருக்கா, இல்லை எல்லாம் கடைக்காரா பண்ற வியாபாரமா?" என்று பிள்ளையாண்டான் கேட்டான்.

"இருக்கு. ஆனா இந்தத் தவளைல இல்லை" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். அங்கே நின்றுகொண்டு விளக்கமாகச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஃபெங் ஷுயியின் பெயரால் எங்கள் குடியிருப்பில் நடந்த ஒரு காரியத்தில் என் கையெழுத்தும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். அந்தக் காரியத்திற்குப் பிறகுதான் இதன் சரித்திரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முன்பே படித்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன் என்பது என் எண்ணம்.

'ஃபெங்' என்றால் சீன மொழியில் காற்று. 'ஷுயி' என்றால் தண்ணீர். இந்த இரண்டு சொற்களையும் சேர்த்து ஒரு சாஸ்திரத்தின் கருத்தாக விளக்கும் பழைய நூல் 'ஸாங் ஷு' என்பது. அதை குவோ பு (கி.பி. 276-324) என்ற பண்டிதர் இயற்றியதாகச் சீனர்கள் சொல்வார்கள். இன்றுள்ள வடிவம் அவருக்குப் பிற்பட்டது என்பது ஆராய்ச்சியாளர்களின் அபிப்ராயம். நூலின் பெயருக்கு அர்த்தம் என்ன தெரியுமோ? 'அடக்கம் செய்யும் முறை பற்றிய நூல்.' ஆம், ஃபெங் ஷுயியின் மூலநூல் சமாதி கட்டுவதைப் பற்றியது! கிரஹப்ரவேச வீட்டில் இதைச் சொல்லியிருந்தால் என் தம்பி மனைவியின் முகம் எப்படி ஆகியிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

பூமிக்குள் ஓர் உயிர்ச்சக்தி ஓடுகிறது, அதற்கு 'ச்சீ' என்று பெயர். (தமிழ்க் காதுக்கு இந்தச் சொல் வேறு மாதிரி ஒலிக்கும், நம் 'பிராணன்' என்ற சொல்லுக்கு அருகில் வருவது என்று வைத்துக்கொள்வோம்.) அது காற்றடிக்கும் இடத்தில் கலைந்து போகும், தண்ணீரைக் கண்டால் தேங்கி நிற்கும். ஆகவே காற்று மோதாமல், தண்ணீர் அருகிருக்கும் இடமாகப் பார்த்து முன்னோர்களின் எலும்பைப் புதைத்தால் அந்தச் சக்தி சந்ததிக்குச் சேரும். அந்த நூலின் சாரம் இதுதான். இறந்தவருக்குரியது 'யின்' வீடு, உயிரோடிருப்பவருக்குரியது 'யாங்' வீடு. இரண்டுக்கும் இடம் தேர்வு செய்யும் விதி ஒன்றே.

குவோ பு வெறும் ஜோஸ்யர் அல்லர். பழைய அகராதிகளுக்கு உரை எழுதிய பெரிய வித்வான். ஆனால் அவர் முடிவு ஜோஸ்யத்தால் வந்தது. அரசனை எதிர்த்துக் கிளம்பிய ஒரு தளபதி, தன் கலகம் வெற்றி பெறுமா என்று அவரிடம் குறி கேட்டான். வெற்றி பெறாது என்று உள்ளதைச் சொன்னார். தலை போயிற்று. மேலதிகாரிக்குப் பிடிக்காத குறிப்பை ஃபைலில் எழுதிவிட்டு, பிறகு தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றலான நண்பர்கள் சிலரை நான் அறிவேன். அவர்கள் பாக்யசாலிகள்.

திசையைப் பார்த்து மனிதனைக் கிடத்தும் வழக்கம் குவோ புவுக்கும் பல்லாயிரம் வருஷம் முற்பட்டது. 1987-ல் ஹெனான் மாகாணத்தில் புயாங் என்ற இடத்தில் ஒரு கற்காலக் கல்லறையைத் தோண்டினார்கள். எலும்புக்கூட்டின் கிழக்குப் பக்கம் சிப்பிகளை அடுக்கிச் செய்த ஒரு டிராகன். மேற்குப் பக்கம் அதே மாதிரி ஒரு புலி. வயது சுமார் 6,000 வருஷத்திற்கு மேல். இன்றும் ஃபெங் ஷுயியில் கிழக்கு நீல டிராகன், மேற்கு வெள்ளைப் புலி, தெற்கு செம்பறவை, வடக்கு கறுப்பு ஆமை என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த நான்கு பிராணிகளையும் மறந்துவிட்டு நிலத்தை மட்டும் பாருங்கள். நல்ல மனை எது? பின்னால் வடக்கே உயரமான மலை. இரு பக்கமும் கை நீட்டினாற்போலத் தாழ்ந்த குன்றுகள். முன்னால் தெற்கே திறந்த வெளி, அதில் வளைந்து ஓடும் ஆறு அல்லது குளம். சாய்வு நாற்காலியின் அமைப்பு என்று சொல்லலாம். சீனாவின் குளிர்காலக் காற்று ஸைபீரியாவிலிருந்து, அதாவது வடக்கிலிருந்து அடிக்கிறது. முதுகுக்கு மலை இருந்தால் அது தடுக்கும். பெய்ஜிங் நகரம் ஏறக்குறைய 40 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் 21 வாக்கில் நண்பகல் சூரியன் அங்கே தெற்கில் 26½ டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்கு ஜன்னல் வழியாக வெயில் வீட்டின் உள்சுவர் வரை வரும். ஜூனில் அதே சூரியன் 73½ டிகிரி உயரத்திற்கு ஏறிவிடுவதால் கூரையின் இறவாரமே வெயிலைத் தடுத்துவிடும். காகிதமும் பேனாவும் இருந்தால் பள்ளிக்கூடப் பையனே போட்டுவிடக்கூடிய கணக்கு. அடுப்புக் கரியை மிச்சப்படுத்தும் வீடு என்று இன்று நாம் பெருமையாகச் சொல்வதைப் பழைய பெய்ஜிங்கின் முற்றத்து வீடுகள் சாதித்தன. நான்கு பக்கமும் கட்டடம், நடுவே முற்றம். வடபுறத்தில் தெற்குப் பார்த்த பெரிய கூடம், அதில் வீட்டுப் பெரியவர்கள். வெளிச்சுவரில் வடக்கே ஜன்னல் கிடையாது. வாசல் தென்கிழக்கு மூலையில். உள்ளே நுழைந்ததும் தெருக்காற்றும் தெருப்பார்வையும் நேராக உள்ளே வராதபடி ஒரு மறைப்புச் சுவர்.

இந்த விதிகள் எல்லாம் சீனாவின் காற்றுக்கும் சீனாவின் சூரியனுக்கும் ஏற்பட்டவை. இதை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். தமிழில் நாலு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை, வடக்கே வாடை. பெயர் வைத்தவனுக்கு எந்தக் காற்று தன் ஊரில் என்ன செய்யும் என்று தெரிந்திருந்தது. டில்லியில் நாற்பது கோடைகளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்களுக்கு எதிரி வடக்கு அல்ல. மே மாதம் மேற்கிலிருந்து அடிக்கும் 'லூ'. ஆஸ்திரேலியாவிலோ குளிர் தெற்கிலிருந்து வரும், சூரியன் வடக்கே நிற்கும். அங்கே போய்ச் சீனப் புத்தகத்தைப் பிரித்தால் எல்லாம் தலைகீழ்தான். அங்குள்ள ஃபெங் ஷுயிக்காரர்களே திசையை மாற்றுவதா வேண்டாமா என்று இரண்டு கட்சியாக நிற்கிறார்கள்.

சீனர்கள் எல்லோரும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள் என்றும் எண்ண வேண்டாம். கி.பி. முதல் நூற்றாண்டிலேயே வாங் சோங் என்ற தத்துவஞானி, வீட்டு வாசலின் திசையைக் குடும்பப் பெயரின் ஒலியோடு பொருத்திப் பார்க்கும் பழக்கத்தைக் கேலி செய்து எழுதியிருக்கிறார். அன்று குடும்பப் பெயர்களை ஐந்து ஸ்வரங்களாகப் பிரித்து, இந்த ஸ்வரக்காரருக்கு இந்தத் திசை வாசல் ஆகாது என்று சொல்லிவந்தார்கள். ஏழாம் நூற்றாண்டில் தாங் வம்சத்துச் சக்கரவர்த்தி தைஸோங், நாட்டில் மலிந்துவிட்ட இந்தப் புத்தகங்களைத் திருத்தி ஒழுங்குபடுத்தும்படி லூ ட்ஸாய் என்ற அதிகாரிக்கு உத்தரவிட்டார். அவர் உத்தரவைச் சிரமேற்கொண்டு புத்தகங்களைத் தொகுத்தார். கூடவே அவற்றில் உள்ள பொருந்தாத விஷயங்களைத் தோலுரித்து முன்னுரையும் எழுதிவிட்டார். ஒரே வம்சத்திலிருந்து பிரிந்த பெயர்களே வெவ்வேறு ஸ்வரங்களில் அடைபட்டிருப்பதை எடுத்துக்காட்டினார். இட்ட வேலையைச் செய்து, தன் மாறுபட்ட கருத்தையும் பதிவு செய்த இந்த மனுஷரை நினைத்தால் எனக்கு ஒரே சந்தோஷம்.

தாங் வம்ச காலத்தின் பிற்பகுதியிலிருந்து இரண்டு சம்பிரதாயங்கள் தலைதூக்கின. ஒன்று ஜியாங்ஸி மாகாணத்தில் யாங் யுன்ஸோங் என்பவரின் வழி. மலை எப்படி இறங்குகிறது, ஆறு எங்கே வளைகிறது என்று காலால் நடந்து, கண்ணால் பார்த்துச் சொல்வது. மற்றொன்று ஃபூஜியான் மாகாணத்தில் வளர்ந்த திசைகாட்டி வழி. லுவோபான் என்னும் வட்டப் பலகையின் நடுவே காந்த ஊசி. சுற்றிலும் வளையம் வளையமாக எழுத்துகள். வட்டத்தை 24 திசைகளாக, திசைக்கு 15 டிகிரியாகப் பிரித்திருப்பார்கள்.

இந்த இடத்தில் என்னைப் போன்ற பௌதிக மாணவன் சற்று நின்று கும்பிட வேண்டும். காந்த ஊசி கப்பலில் ஏறியது பின்னால்தான். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சீன நூல் ஒன்று மாலுமிகள் அதைப் பயன்படுத்துவதைச் சொல்கிறது. அதற்கு முன்பே அது மனை பார்ப்பவர்கள் கையில் இருந்தது. 1088 வாக்கில் ஷென் குவோ எழுதிய 'கனவு ஓடைக் கட்டுரைகள்' என்ற நூலில், ஊசியைக் காந்தக்கல்லில் தேய்த்துப் பட்டு நூலில் தொங்கவிடும் முறை இருக்கிறது. அது சரியாகத் தெற்கைக் காட்டாமல் சற்றுக் கிழக்கே விலகுகிறது என்றும் எழுதிவைத்திருக்கிறார். காந்தத் திசைவிலகல் என்று கல்லூரியில் மனப்பாடம் செய்தோமே, அதேதான். ஐரோப்பியர்கள் இதைக் கவனித்து எழுதியது சில நூற்றாண்டுகள் கழித்து. ஷென் குவோ அரசாங்கத்தில் பெரிய பதவிகளை வகித்து, ஒரு யுத்தத் தோல்வியின் பழியால் பதவி இழந்து, தன் தோட்டத்தில் ஒதுங்கி உட்கார்ந்து இந்த நூலை எழுதினார். உத்தியோகம் போன பிறகு எழுதிய புத்தகத்தால்தான் இன்று அவரை உலகம் அறிகிறது.

லுவோபானில் இன்னொரு விசித்திரம். 24 திசைகளைக் காட்டும் வளையம் அதில் ஒன்றல்ல, மூன்று. ஒன்று நேராக இருக்கும். மற்ற இரண்டும் அதிலிருந்து ஆளுக்கு 7½ டிகிரி, ஒன்று கிழக்கேயும் மற்றது மேற்கேயுமாகத் தள்ளியிருக்கும். ஏன் இப்படி என்று கேட்டால் பலகை வைத்திருப்பவர் ஆகாயம், பூமி, மனிதன் என்று விளக்கம் சொல்வார். சீன விஞ்ஞான சரித்திரத்தைப் பல பெரிய தொகுதிகளாக எழுதிய கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜோஸஃப் நீதாம், 1962-ல் வந்த பௌதிகத் தொகுதியில் வேறு காரணம் சொல்கிறார். பூமியின் காந்த வடக்கு ஒரே இடத்தில் நிற்பதில்லை, நூற்றாண்டுக்கு நூற்றாண்டு நகரும். அந்தந்தக் காலத்தில் ஊசி எவ்வளவு விலகியதோ அதற்கேற்பப் பழைய வளையத்தை அழிக்காமல் புதிய வளையத்தைச் சேர்த்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அது சரியானால், ஜோஸ்யப் பலகை என்று நாம் ஒதுக்கும் ஒன்றில் பூமியின் காந்த சரித்திரம் பதிந்து கிடக்கிறது!

இனி கிராமங்களுக்கு வருவோம். அன்ஹுயி மாகாணத்தில் ஹோங்ஸுன் என்ற கிராமம் இருக்கிறது. வாங் என்ற வம்சத்தார் 12-ஆம் நூற்றாண்டில் குடியேறிய இடம். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனை சாஸ்திரிகளை வரவழைத்து, மலையோடையை அணைகட்டித் திருப்பி, சிறு கல்வாய்க்கால்களாக ஒவ்வொரு வீட்டு வாசல் வழியாகவும் ஓடவிட்டார்கள். இந்த ஏற்பாட்டை முன்னின்று நடத்தியவர் அந்த வம்சத்து மருமகள் ஒருவர் என்று கிராமத்தார் சொல்கிறார்கள். நடுவில் அரை நிலா வடிவில் ஒரு குளம். கடைசியில் 1607-ல் வெட்டிய ஏரி, அதைத் தாண்டி வயல்கள். கிராமமே படுத்திருக்கும் ஒரு மாடு என்றும், வாய்க்கால் அதன் குடல், குளம் அதன் வயிறு என்றும் விளக்கம் சொல்வார்கள். விளக்கம் எதுவானால் என்ன? மரவீடுகள் நெருங்கிய ஊரில் தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர் கையெட்டும் தூரத்தில். கோடையில் குளிர்ச்சி. விடியற்காலையில் குடிதண்ணீர் எடுத்த பிறகே துணி துவைக்கலாம் என்று ஊர்க்கட்டுப்பாடு வேறு. 2000-ல் யுனெஸ்கோ இதையும் பக்கத்து ஸீதீ கிராமத்தையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அடுக்குமாடிக் குடியிருப்பின் மழைநீர் சேகரிப்புக் குழி தூர்ந்து கிடக்கும்போதெல்லாம் எனக்கு ஹோங்ஸுன் ஞாபகம் வரும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஃபெங் ஷுயிக் காடுகளைப் பற்றி.

தென் சீனாவில், குறிப்பாக ஹாங்காங்கைச் சேர்ந்த 'புதிய பிரதேசங்கள்' என்னும் பகுதியில், பழைய கிராமங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். முன்னால் வயலும் ஓடையும். நடுவே வரிசையாக வீடுகள். அவற்றின் பின்னால் மலைச்சரிவில், பிறைச் சந்திரன் வடிவில் வீடுகளை அணைத்தாற்போல ஒரு அடர்ந்த தோப்பு. கற்பூர மரம், அகில் வகையைச் சேர்ந்த வாசனை மரம், ஆல், மூங்கில், ஓரத்தில் லிச்சி போன்ற பழ மரங்கள். அந்தத் தோப்பில்தான் ஊரின் பாக்கியம் தங்கியிருக்கிறது, அதில் கோடாலி வைத்தால் ஊருக்குக் கேடு வரும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. பச்சை மரத்தை வெட்டியவனுக்குத் தண்டனை உண்டு. சுள்ளி பொறுக்குவதற்கே பல ஊர்களில் கட்டுப்பாடு இருந்தது. விளைவு என்ன? சரிவில் மண் சரியவில்லை. புயல்காற்று வீட்டுக் கூரையைத் தொடுமுன் தோப்பில் மோதி வேகம் குறைந்தது. கோடையில் நிழல், ஊற்றில் தண்ணீர்.

ஜப்பானியர் ஹாங்காங்கைப் பிடித்து வைத்திருந்த 1941-45 காலத்தில் விறகுக்கு அத்தனை தட்டுப்பாடு, மலைமலையாக மொட்டையடிக்கப்பட்டன. அப்போதும் பல ஃபெங் ஷுயித் தோப்புகள் தப்பின. சுற்றிலும் புல் மட்டுமே மிஞ்சிய இடத்தில், பழைய காடு எப்படி இருந்தது என்று காட்ட மீதியிருந்தவை இந்தத் துண்டுகள்தான். ஹாங்காங் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நூற்றுக்கும் மேற்பட்ட இத்தகைய தோப்புகளைக் கணக்கெடுத்தது. சிலவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பும் அளித்திருக்கிறார்கள். அங்கே கிடைக்கும் விதைகளைக் கொண்டு வெற்று மலைகளில் மறுபடி நாட்டு மரங்களை வளர்க்கிறார்கள். நம் நாட்டிலும் மஹாராஷ்ட்ரத்தின் தேவராயி, கேரளத்தின் காவு, தமிழகத்தின் கோயில்காடு எல்லாம் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரர்களே. காரணம் தெரியாமலே செய்த நல்ல காரியம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அதில் பூரண சம்மதம் இல்லை. மரம் போன பிறகு சரிவு சரிந்ததை ஒரு தலைமுறை கண்ணால் பார்த்திருக்கும். பேரனுக்குக் காரணத்தைச் சொல்வதைவிட பயத்தைச் சொன்னால் நிற்கும் என்று கண்டிருப்பார்கள்.

ஆனால் அந்த பயத்திற்கு மறுபக்கமும் உண்டு. சமாதிக்கு நல்ல இடம் கிடைக்கும் வரை பிணத்தை அடக்கம் செய்யாமல் மாதக்கணக்கில் வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரன் கூரையை உயர்த்தியதால் என் குடும்பத்துப் பாக்கியம் கெட்டது என்று கோர்ட்டுக்குப் போன வழக்குகள் சிங் வம்ச ஆட்சியில் ஏராளம். அந்தக் காலத்தில் ஹாங்காங்கில் இருந்த ஜெர்மானியப் பாதிரியார் ஐட்டெல் 1873-ல் ஃபெங் ஷுயியைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதற்குச் 'சீனாவின் இயற்கை விஞ்ஞானத்தின் ஆரம்பப் பாடங்கள்' என்று துணைத்தலைப்புக் கொடுத்தார். குற்றம் சொல்ல வந்தவருக்கும் அதில் கொஞ்சம் விஞ்ஞானம் கண்ணில் பட்டிருக்கிறது.

1876-ல் ஷாங்ஹாயிலிருந்து வூஸோங் வரை சுமார் 14 கிலோமீட்டருக்கு ஒரு ரயில் ஓடியது. சீனாவின் முதல் பயணிகள் ரயில் அதுவே. குதிரை வண்டிச் சாலை போடப்போகிறோம் என்று சொல்லி நிலம் வாங்கிய பிரிட்டிஷ் கம்பெனி அதில் தண்டவாளத்தைப் போட்டுவிட்டது. கல்லறைகள் கலைகின்றன, ஃபெங் ஷுயி கெடுகிறது என்று ஜனங்கள் கூச்சலிட்டார்கள். இடையில் ஓர் ஆள் ரயிலில் அடிபட்டு இறந்தார். கடைசியில் சீன அரசு 2,85,000 டேல் வெள்ளி கொடுத்து ரயிலை விலைக்கு வாங்கி, 1877-ல் தண்டவாளத்தைப் பெயர்த்தே விட்டது. மூட நம்பிக்கையால் ரயிலைப் பிடுங்கி எறிந்த நாடு என்று மேல்நாட்டார் வெகுகாலம் சிரித்தார்கள். உண்மையில் அதிகாரிகளின் கவலை வேறு. அனுமதியில்லாமல் அந்நியன் வந்து தண்டவாளம் போட்டால் நாளை நாடே அவன் கைக்குப் போகும் என்பதுதான். அதை வெளிப்படையாகச் சொல்ல முடியாத இடங்களில் ஃபெங் ஷுயி கைகொடுத்தது. மனத்தில் இருப்பது ஒன்று, மனுவில் எழுதுவது ஒன்று! இது எனக்கு நன்றாகப் புரிகிற விஷயம்.

1949-க்குப் பின் கம்யூனிஸ்ட் அரசு இதை மூட நம்பிக்கை என்று ஒதுக்கியது. 1966-ல் தொடங்கிய கலாசாரப் புரட்சியில் புத்தகங்களும் பலகைகளும் நெருப்புக்குப் போயின. ஹாங்காங், தைவான், ஸிங்கப்பூரில் சாஸ்திரம் தொடர்ந்தது. புதிய பிரதேசங்களில் சாலையோ கட்டடமோ போடும்போது கிராமத்தாரின் ஃபெங் ஷுயி சாந்திச் சடங்குகளுக்கு அரசாங்கமே பணம் கொடுப்பது வழக்கமாக இருந்தது. எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதி ஆடிட்டைச் சமாளித்தார்களோ! 1990-ல் ஐ.எம். பெய் கட்டிய சீன வங்கிக் கோபுரத்தின் கூரிய முனைகள் கத்தி மாதிரி எதிர்க் கட்டடங்களைக் குத்துகின்றன என்ற புகார் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது.

அங்கிருந்து அமெரிக்கா. லின் யுன் என்பவர் கலிஃபோர்னியாவில் 1980-களில் பரப்பிய முறைக்கு மலையும் வேண்டாம், ஆறும் வேண்டாம், திசைகாட்டி கூட வேண்டாம். வாசலிலிருந்து பார்த்து வீட்டை ஒன்பது கட்டமாகப் பிரித்து, இது பண மூலை, இது கல்யாண மூலை என்று குறித்துவிடலாம். பத்தாவது மாடி ஃப்ளாட்டுக்கு இது எவ்வளவு சௌகரியம்! அதன் பின் மலேசியாவின் லிலியன் டூ எழுதிய புத்தகங்கள் 1990-களின் கடைசியில் நம் ஊர்க் கடைகளை நிரப்பின. கூடவே பொம்மைகளும் வந்தன. சிரிக்கும் புத்தர் உண்மையில் புத்தரே அல்லர். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பூதாய் என்ற மூட்டை தூக்கிய சந்நியாசி. மூன்று கால் தவளை ஒரு நாட்டுப்புறக் கதையிலிருந்து வந்தது. 'லக்கி பாம்பூ' மூங்கிலும் அல்ல, சீனாவைச் சேர்ந்ததும் அல்ல. ஆப்பிரிக்காவில் கேமரூன் பக்கத்துக் காட்டில் வளரும் டிரசீனா என்ற செடி. நிலத்தைப் படிக்கும் பழக்கம் இப்படி ஷோகேஸுக்குள் வந்து சேர்ந்தது.

இப்போது என் கையெழுத்து விஷயம். 2010-ல் 36 வருஷ ஸர்வீஸ் முடிந்து ஓய்வு பெற்றேன். டில்லியில் யமுனைக்குக் கிழக்கே ஒரு கூட்டுறவுக் குடியிருப்பில் எங்களுக்கு வீடு. ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலை என்ன என்று மறு வருஷமே சொசைட்டி செயலாளராக்கிவிட்டார்கள். எங்கள் பிளாக் மேற்குப் பார்த்தது. அதன் வாசலுக்கு நேரே பதினைந்தடி தள்ளி ஒரு வேப்பமரம். குடியிருப்பு கட்டுவதற்கு முன்பே அங்கிருந்தது. கீழ்த்தளத்தில் ஒரு வியாபாரி குடும்பம். அந்த வருஷம் அவருக்குத் தொழிலில் பெரிய நஷ்டம், மகனுக்கும் வேலை போயிற்று. அவர் ஒரு ஃபெங் ஷுயி ஆலோசகரை அழைத்து வந்தார். வாசலுக்கு நேரே தனி மரம் நிற்பது வீட்டுக்குள் அம்பு எய்வது போல என்றார் ஆலோசகர். சட்டைப் பையிலிருந்து சிறு திசைகாட்டியை எடுத்து, எங்கள் இரும்பு கேட்டின் பக்கத்தில் நின்றுகொண்டே திசை பார்த்தார். இரும்புக்கு அருகே ஊசி எங்கே ஒழுங்காக நிற்கப்போகிறது? எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. கஷ்டத்தில் இருக்கும் மனிதரிடம் பாடம் நடத்துவதா என்று ஒரு தயக்கம். பொதுக்குழுவில் பலரும் அவர் பக்கம் என்பது இன்னொரு காரணம்.

டில்லியில் மரத்தை நினைத்தபடி வெட்ட முடியாது. 1994-ஆம் வருஷச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஃபெங் ஷுயி என்று எழுதினால் அனுமதி கிடைக்குமா? 'வேர்கள் மதில் சுவரைப் பிளக்கின்றன, குடியிருப்போர் உயிருக்கு ஆபத்து' என்று மனு எழுதினேன். சுவரில் ஒரு பழைய விரிசல் இருந்தது உண்மை. அது வேரால் வந்தது அல்ல என்பதும் எனக்குத் தெரியும். 36 வருஷம் குறிப்பு எழுதிப் பழகிய கை. மனு கச்சிதமாக அமைந்தது. அனுமதி வந்தது. ஒரே காலையில் மரம் லாரியில் ஏறிவிட்டது. என் மனைவி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சித்திரைப் பிறப்புக்கு வேப்பம்பூவை அந்த மரத்திலிருந்துதான் எடுப்பாள்.

அடுத்த மே மாதம் எங்கள் பிளாக்கின் மேற்குச் சுவர் மாலை ஐந்து மணிக்குக் கை வைக்க முடியாதபடி கொதித்தது. 'லூ' நேராகப் படியேறி வந்தது. கீழ்த்தளம், முதல் தளம் எல்லா வீட்டிலும் வாடகைக்காவது ஒரு ஏ.ஸி. முளைத்தது. வியாபாரியின் தொழில் பின்னர் தேறியதா என்பது அவர் சொந்த விஷயம். இரண்டு வருஷத்தில் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். அந்தச் சமயத்தில்தான் நான் நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். ஹாங்காங் தோப்புகளைப் பற்றிப் படித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எந்தச் சாஸ்திரத்தின் பெயரைச் சொல்லி அங்கே யுத்த காலத்திலும் மரத்தைத் தொடாமல் காத்தார்களோ, அதே பெயரைச் சொல்லி இங்கே நான் ஒரு மரத்தைச் சாய்த்திருக்கிறேன்.

2014 ஜூலையில், அந்தக் கீழ்த்தள வீட்டைப் புதிதாக வாங்கியவரிடமிருந்து செயலாளருக்கு ஒரு கடிதம் வந்தது. பிளாக் வாசலில் நிழலே இல்லை, பிற்பகல் வெயில் தாங்கவில்லை, வாசலுக்கு முன்னால் ஏதாவது ஒரு மரம் நட்டால் உபகாரமாக இருக்கும் என்று எழுதியிருந்தார். பழைய கதை அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. கடிதத்தைக் கோப்பில், 2011-ஆம் வருஷ அனுமதிக் கடிதத்திற்கு அடுத்த பக்கத்தில் சேர்த்தேன். அந்த வாரமே நர்ஸரியிலிருந்து ஒரு வேப்பங்கன்று வாங்கி வந்து, பழைய அடிமரம் இருந்த இடத்திலிருந்து இரண்டடி தள்ளி, வாசலுக்கு நேராகவே நட்டோம். இப்போது அது இரண்டாம் மாடி பால்கனியை எட்டியிருக்கிறது. சென்ற சித்திரைப் பச்சடிக்கு அதில்தான் பூ எடுத்தோம்.